பலகைத் தரையில் ஏறும் குளிர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம். கேமரன் மலையில், ரிங்லெட்டில் பழைய தோட்டத்துப் பலகை வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். சொந்த வீடுதான். தரையும் பலகை. வீடு சிமெண்ட் கால்களின் மேல், மண்ணிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் நிற்கிறது. ராத்திரியானால் பலகைச் சந்துகளில் குளிர்காற்று மேலே ஏறுகிறது. என் மாமியாருக்கு மூட்டுவலி, காலைக் கீழே வைக்க முடியவில்லை என்கிறார். வீட்டைச் சுற்றிக் கீழே செங்கல் வைத்து அடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் கட்டடக் குத்தகைக்காரர். இன்னொருவர் அடியில் குளிரைத் தடுக்கும் பஞ்சு வைக்கச் சொல்கிறார். எதைச் செய்வது?
– வாசகி, ரிங்லெட்

பதில்: செங்கல் வைத்து அடைக்கவே வேண்டாம் அம்மா. காற்றைப் பலகையில் நிறுத்துங்கள். பலகைக்கு அடியில் அது தாராளமாக ஓடட்டும்.

மண் ஓயாமல் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. வீட்டுக்கு அடியில் இருக்கும் மண் வெயிலையே பார்ப்பதில்லை. அந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு போவது கீழே ஓடும் காற்று மட்டும்தான். அதை மறித்தால் ஈரம் முழுவதும் பலகையைத் தாங்கும் சட்டங்களிலும், அந்தச் சட்டங்களைத் தாங்கும் உத்தரக்கட்டைகளிலும் போய்ச் சேரும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் அதை உளுக்க வைக்க முடியாது. 25, 30 என்று ஏறி அங்கேயே நின்றால், செங்கால் போன்ற வைரமான மரம் தாங்கும், மெராந்தி தாங்காது. பழைய தோட்டத்து வீடுகளின் தளப்பலகை பெரும்பாலும் மெராந்தி வகைதான்.

உங்கள் ஊர்ப்பக்கம் சில பழைய பங்களாக்களில் கீழே சுற்றிலும் சுவர் இருக்கும், அதில் இடைவெளி விட்டு ஓட்டைச் செங்கல் பதித்திருப்பார்கள். குளிருக்குப் பயந்து அந்த ஓட்டைகளைச் சிமெண்ட் பூசி அடைத்தவர்கள் யாரேனும் இதைப் படித்தால், இந்த வாரமே திறந்துவிடுங்கள். நம்மைவிடப் பல மடங்கு குளிரான பிரிட்டனிலேயே விதி அப்படித்தான்: சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 1,500 சதுர மில்லிமீட்டர் திறப்பு, அல்லது தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 500 சதுர மில்லிமீட்டர், இரண்டில் எது அதிகமோ அது.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். குளிர் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, சந்து வழியாக நுழையும் காற்று. மற்றொன்று, பலகையின் ஊடாகவே வீட்டுச் சூடு கீழே இறங்கிப் போவது. முதலாவதற்குச் செலவு குறைவு, பலன் உடனே தெரியும். அதனால் மேலிருந்து தொடங்குங்கள்.

பலகையில் பல ஆண்டு மெழுகு ஏறியிருக்கும். அதன் மேல் எந்தப் பசையும் ஒட்டாது. டர்பண்டைனில் துணியை நனைத்துச் சந்தின் இரு விளிம்புகளையும் துடைத்து, ஒரு நாள் காய விடுங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அடுப்பு எரியக் கூடாது. 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும் சந்துக்கு அக்ரிலிக் சீலண்ட் போதும். சிலிக்கான் வேண்டாம், பிறகு அதன் மேல் வார்னிஷோ பெயிண்டோ நிற்காது. அதைவிட அகலமான சந்துக்கு மெல்லிய மரச்சீவலை ஆப்பு மாதிரி இழைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் பசை தடவி இறக்குங்கள். இரு பக்கமும் ஒட்டினால், மழைக்காலத்தில் பலகை ஊதி வெயிலில் சுருங்கும்போது சீவல் பிளந்துவிடும் அல்லது பலகை வெடிக்கும். சுவரும் தரையும் சேரும் ஓரத்தை மறக்காதீர்கள். நடுவில் உள்ள சந்துகளைவிட அந்த ஓரத்தில்தான் அதிகக் காற்று ஏறும், அலமாரிக்குப் பின்னால் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

பிறகு அடிப்பக்கம். பஞ்சு வைக்கும் முன் மரத்தின் நிலையைப் பார்க்க வேண்டும். ஒரு திருப்புளியை எடுத்து ஒவ்வொரு சட்டத்தின் முனையையும், அது உத்தரக்கட்டையில் உட்காரும் இடத்தையும் அழுத்திக் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த மரம் உளுத்திருக்கிறது, முதலில் அதை மாற்றுங்கள். கால்களில் கரையான் ஏறிய மண்கோடு இருக்கிறதா என்று நான்கு பக்கமும் பாருங்கள். இருந்தால் கரையான் மருந்தடிப்பவரை அழைத்து வேலையை முடித்த பிறகுதான் மற்றதெல்லாம். மரம் நன்றாக இருந்தால் போரேட் உப்பை 10 விழுக்காடு கரைசலாக்கி இரண்டு பூச்சு அடித்து, ஒரு வாரம் காய விடுங்கள். மறைவான மரத்துக்கு இது நல்ல காவல். மழை நேராகப் படும் மரத்தில் கரைந்து போய்விடும்.

எந்தப் பஞ்சு என்று கேட்டால், எங்கள் தேர்வு ராக்வூல் பலகை, அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சுப் பலகை, 50 மில்லிமீட்டர் கனம். கண்ணாடிப் பஞ்சுச் சுருளும் வேலை செய்யும், ஆனால் அது தொளதொளவென்று இருப்பதால் காலப்போக்கில் தொங்கும். வெள்ளைப் பாலிஸ்டைரீன் நுரைப்பலகை மலிவு என்று வாங்காதீர்கள். கரையான் அதைத் தின்னாவிட்டாலும் உள்ளே சுரங்கம் வெட்டி மேலே போகும், வெளியே ஒன்றும் தெரியாது. மின்கம்பியின் பிளாஸ்டிக் உறை அந்த நுரையில் பட்டுக்கொண்டிருந்தால் நாளடைவில் விறைத்து நொறுங்கும். பீய்ச்சி அடிக்கும் நுரையைப் பழைய பலகைத் தரைக்கு நாங்கள் ஒருபோதும் சொல்வதில்லை. அது சட்டத்தோடு ஒன்றாக ஒட்டிவிடும். பிறகு மரம் நனைகிறதா, உளுக்கிறதா என்று பார்க்கவே முடியாது, ஒரு பலகையைக் கழற்றவும் முடியாது.

கனம் 50 மில்லிமீட்டர் போதுமா? கீழே திறந்த வெளி உள்ள முக்கால் அங்குலப் பலகைத் தரையை எடுத்துக் கணக்குப் போட்டால், 50 மில்லிமீட்டர் பஞ்சு தரை வழியாகப் போகும் சூட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கை நிறுத்திவிடுகிறது. அதையே 100 ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு அளவுதான். பிரிட்டனில் 100, 150 என்று வைக்கிறார்கள் என்றால், அங்கே மாதக்கணக்கில் வீட்டுக்குள் ஹீட்டர் எரிகிறது. இங்கே ராத்திரி 16, 18 டிகிரிக்கு அந்தச் செலவு தேவையில்லை.

அளவு: 12க்கு 10 அடி அறை, சட்டங்கள் மையத்திலிருந்து மையம் 16 அங்குலம், சட்டம் 2 அங்குலத் தடிப்பு என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 14 அங்குலம். பஞ்சை 14½ அங்குலமாக வெட்டுங்கள். அந்த அரை அங்குலம் இறுக்கம்தான் அதைப் பிடித்து நிறுத்தும். சரியாக 14 வெட்டினால் ஓரத்தில் சந்து விழும், காற்று அதில் புகுந்து மேலே போகும். இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டித் திணித்தால் நடுவில் வளைந்து பலகையை விட்டு விலகும். இந்த அறையில் 9 இடைவெளி, ஒவ்வொன்றும் 10 அடி, ஆக மொத்தம் 90 அடி. 2 அடிக்கு 4 அடி ராக்வூல் பலகை ஒன்றில் 14½ அங்குலத் துண்டு மூன்று வரும், ஒவ்வொன்றும் 2 அடி நீளம், அதாவது 6 அடி. பதினைந்து பலகை வேண்டும், சேதாரத்துக்கு இரண்டு சேர்த்துப் பதினேழு வாங்குங்கள். வாங்கும் முன் உங்கள் வீட்டு இடைவெளிகளை ஒவ்வொன்றாக அளந்துவிடுங்கள். பழைய வீட்டில் சுவரோரத்து இடைவெளி எப்போதும் வேறு அளவாக இருக்கும்.

பஞ்சு பலகையின் அடிப்பாகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். வேலையில் அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான். சட்டத்தின் ஆழம் 4 அல்லது 5 அங்குலம் இருக்கும். பஞ்சு 2 அங்குலம். அதைச் சட்டத்தின் கீழ்விளிம்பில் வலை போட்டுத் தொங்கவிட்டால், மேலே 2, 3 அங்குலம் வெற்றிடம் நிற்கும். குளிர்காற்று அந்த வெற்றிடத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் கீழே எத்தனை பஞ்சு இருந்தும் பயனில்லை. அதனால் பஞ்சை மேலே தள்ளி, பலகையிலிருந்து சரியாக 2 அங்குலம் கீழே, சட்டத்தின் இரு பக்கங்களிலும் ஸ்டேப்பிள் அடித்து நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுங்கள். ஒரு அடிக்கு ஒரு குறுக்கு போதும். கயிறு பஞ்சை அமுக்கக் கூடாது, தாங்கினால் போதும்.

உங்கள் வீடு உயரமாக நிற்பதால் கீழே காற்று வேகமாக அடிக்கும். வெறும் பஞ்சுக்குள் காற்று புகுந்து போனால் அதன் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே சட்டங்களின் அடியில், காற்றைத் தடுத்து நீராவியை மட்டும் வெளியே விடும் துணியை இழுத்து அடிக்க வேண்டும். கூரை வேலைக்கு விற்கும் பிரீதபிள் மெம்பிரேன் அதற்குச் சரி. 4 அங்குலத்துக்கு ஒரு ஸ்டேப்பிள், ஓரங்கள் 6 அங்குலம் ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும், அதற்கு மேல் மெல்லிய ரீப்பர் அடியுங்கள். பிளாஸ்டிக் தாளை அடித்துவிடாதீர்கள். மேலேயிருந்து சிந்தும் தண்ணீர் அதில் தேங்கிச் சட்டத்தை ஊற வைக்கும். துணிக்கும் கீழே கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலை கட்டாயம். எலிக்குப் பஞ்சைப்போல் வசதியான கூடு வேறு கிடையாது. உத்தரக்கட்டைகளையும் கால்களையும் எதைக் கொண்டும் மூடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துக் கரையான் கோடு பார்க்க அவை வெளியே தெரிய வேண்டும்.

மின்கம்பிகள் பஞ்சுக்குள் புதையக் கூடாது. பஞ்சில் மூடிய கம்பி சூடாகும். அவற்றை இறக்கிப் பஞ்சுக்குக் கீழே, சட்டத்தின் பக்கவாட்டில் கிளிப் போட்டு ஓட விடுங்கள். உறை வெடித்த பழைய கம்பி என்றால் வயர்மேனை அழைத்து மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

கீழே தவழ்ந்து போகிறவர் முழுக்கை சட்டை, கையுறை, கண்ணாடி, என்95 முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். பஞ்சுத் தூள் அரிப்பைத் தரும், அது பெரிதில்லை. எலி மூத்திரம் பட்ட மண்ணில் ஆறாத காயத்தோடு கை வைத்தால் லெப்டோ என்ற எலிக்காய்ச்சல் வரலாம், அது பெரிது. பாம்பு, பூரான் இருக்கும் என்று எண்ணியே முதலில் விளக்கு அடித்துப் பாருங்கள். தனியாக யாரும் போக வேண்டாம். அக்டோபர், நவம்பர் மழையில் வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீடு கழுவும் பழக்கம் இருந்தால், பஞ்சு வைத்த அறைகளில் அதை விட்டுவிடுங்கள். நனைந்த பஞ்சு குளிரைத் தடுக்காது, வாரக்கணக்கில் காயாது, சட்டத்தை ஈரமாகவே வைத்திருக்கும். நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். குளிக்கும் அறைக்கும் சமையலறைத் தண்ணீர்த் தொட்டிக்கும் அடியில் பஞ்சே வைக்க வேண்டாம்.

இதெல்லாம் செய்த பிறகு தரை வெதுவெதுப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பஞ்சு சூட்டை உண்டாக்காது, இருக்கும் சூட்டைப் போகாமல் பிடிக்கும், அவ்வளவுதான். கணுக்காலில் அடிக்கும் காற்று நிற்கும், பலகை வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்துக்கு வந்துவிடும். உங்கள் மாமியார் கட்டிலருகே ஒரு தடித்த பருத்தி விரிப்பும் போட்டுவிட்டால் அவருக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கேள்வி: எங்கள் வீடு மிகவும் தாழ்வு. தரைக்கும் மண்ணுக்கும் ஒரு அடிகூட இல்லை, ஆள் நுழைய முடியாது. எங்களுக்கு வழி உண்டா?
– வாசகர், தானா ராத்தா

பதில்: உண்டு, ஆனால் மேலிருந்து செய்ய வேண்டும். பலகை நல்ல நிலையில் இருந்து, ஆணிகளை மெதுவாக எடுக்க முடிந்தால், பலகைகளை வரிசையாகக் கழற்றி, முதலில் ரிங்லெட் வாசகிக்குச் சொன்ன பிரீதபிள் மெம்பிரேன் துணியைச் சட்டங்களின் மேல் தொட்டில் மாதிரி தொங்கவிட்டு, அதில் பஞ்சை வைத்து, பலகையைத் திரும்ப அடிக்கலாம். கழற்றும்போது பலகைகளுக்குப் பின்புறம் சாக்குக்கட்டியால் எண் போட்டு வையுங்கள். இடம் மாறினால் எந்தப் பலகையும் பொருந்தாது.

பலகை கழற்றத் தாங்காது என்றால், சந்துகளை அடைத்துவிட்டு அதன் மேலேயே 25 மில்லிமீட்டர் கெட்டி நுரைப்பலகை, எக்ஸ்பிஎஸ் என்பார்கள், அதற்கு மேல் 12 மில்லிமீட்டர் பிளைவுட். தரை ஒன்றரை அங்குலம் உயரும். எல்லாக் கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டும், வாசலில் ஒரு படி வரும், வயதானவர்கள் தடுக்கி விழாதபடி அதற்குச் சரிவு வைக்க வேண்டும். முன்பு நுரைப்பலகையைக் கரையானுக்காக வேண்டாம் என்றோம், அந்த அபாயம் இங்கும் உண்டு. தாழ்ந்த வீட்டில் கால்களைப் பார்ப்பதும் கடினம். அதனால் மண்ணுக்குக் கரையான் மருந்து போடாமல் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: தகரக் கூரைக்கு அடியில் போடும் அலுமினியக் குமிழ்த்தாள் மிச்சம் இருக்கிறது. அதையே தரைக்கு அடியில் அடித்துவிடலாமா?
– வாசகர், ரிங்லெட்

பதில்: பலகையோடு ஒட்டி அடித்தால் ஒன்றும் ஆகாது. அந்தத் தாள் வேலை செய்வது, பளபளப்பான பக்கத்துக்கு எதிரில் அசையாத காற்று ஒரு அங்குலமாவது இருந்தால்தான். கொதிக்கும் தகரத்தின் அனலைத் திருப்பி அனுப்பத்தான் கூரையில் அதைப் போடுகிறோம். வீட்டுக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது, தூசி படிந்து பளபளப்பும் போய்விடும். தண்ணீரையும் தேக்கி வைக்கும். மிச்சத்தைக் கோழிக்கூண்டின் கூரைக்குப் போடுங்கள்.

கேள்வி: மலைக்குக் கீழே தாப்பாவில் இருக்கிறோம். கால்களின் மேல் நிற்கும் பலகை வீடு, தரையும் பலகை. ஒரு படுக்கையறைக்கு மட்டும் ஏர்கான் போட்டு ராத்திரியில் 20ல் வைக்கிறோம். அந்த அறையின் பலகை மட்டும் ஓரம் மேலே தூக்கி வளைகிறது, அடியில் கறுப்பாகப் பூஞ்சை. பஞ்சு வைத்தால் நிற்குமா?
– வாசகர், தாப்பா

பதில்: மேலே ரிங்லெட் வாசகிக்குச் சொன்ன முறையை நீங்கள் அப்படியே செய்தால் நிலைமை மோசமாகும். மலையில் குளிர் வெளியே. உங்களுக்குக் குளிர் உள்ளே, வெளியேதான் புழுக்கம்.

ராத்திரி வெளியே 25 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு என்று வையுங்கள். அந்தக் காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீராவி தண்ணீராக மாறும். அறை 20 என்றால் பலகையின் அடிப்பாகம் சுமார் 23 டிகிரி. ஆக ஒவ்வோர் இரவும் பலகையின் அடிப்பக்கம் வியர்க்கிறது. அடிப்பாகம் ஈரத்தில் ஊதுகிறது, மேற்பாகம் ஏர்கானில் காய்ந்து சுருங்குகிறது, ஓரம் தூக்குகிறது. வெறும் பஞ்சு வைத்தால் நீராவி அதன் ஊடே நுழைந்து குளிர்ந்த பலகையைத் தொட்டு அங்கேயே நனையும், உங்கள் கண்ணுக்கும் தெரியாது.

முதலில் ஏர்கானை 25ல் வைத்து ஒரு மின்விசிறியைப் போடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும், மின்கட்டணமும் இறங்கும். அதற்கு மேலும் வேண்டுமென்றால், பலகை நன்றாகக் காய்ந்த பிறகு, அடியில் நீராவி புகாத பொருளை அடிக்க வேண்டும்: 2 அங்குலக் கெட்டி நுரைப்பலகையைச் சட்டங்களுக்கு நடுவே வெட்டி வைத்து, நான்கு ஓரத்தை மட்டும் டின்னில் வரும் நுரையால் அடைத்து, சட்டங்களின் அடிப்பாகத்தையும் சேர்த்து அலுமினிய டேப்பால் இணைப்புகளை மூடுங்கள். நீராவித் தடுப்பு கீழே, அதாவது வெளிப்புறம் இருக்க வேண்டும். குளிர் நாட்டுப் படங்களில் அதை அறையின் பக்கம் காட்டியிருப்பார்கள். அங்கே ஈரமான சூடு உள்ளே இருக்கிறது, அதனால் அங்கே அது சரி. டேப்பில் ஒரு கிழிசல் இருந்தாலும் அந்த இடத்தில் பலகை நனையும், ஆகவே இந்த வேலையை அவசரத்தில் செய்யக் கூடாது. கம்பிகளை இங்கும் நுரையில் படாமல் வெளியே எடுத்துவிடுங்கள், கால்களைக் கரையானுக்காகப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஏர்கான் இல்லாத மற்ற அறைகளின் தரைக்கு ஒன்றுமே செய்யாதீர்கள். தாப்பா வெயிலில் அடியிலிருந்து வரும் காற்று உங்களுக்கு வரம். சூடு வருவது கூரையிலிருந்து, செலவழிக்கும் பணத்தை அங்கே செலவழியுங்கள்.

கேள்வி: தோட்டத்து வீட்டில் வாடகையின்றி இருக்கிறோம். குளிருக்காகப் பலகை மேல் திக்கார் கெத்தா என்ற பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டினோம். இப்போது தூக்கிப் பார்த்தால் பலகை மெத்தென்று இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது.
– வாசகி, ஹாபு

பதில்: இன்றைக்கே முழுவதும் உரித்துவிடுங்கள். மண்ணின் ஈரம் பலகைக்குள் ஏறி, மேலே போக வழியில்லாமல் அந்தப் பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் நின்றுவிட்டது. இரண்டு வாரம் திறந்து போட்டுக் காய வைத்து, திருப்புளியால் குத்திப் பாருங்கள். மெத்தென்ற பலகைகள் தேறாது, மாற்ற வேண்டியதுதான். மேலே கட்டில் கால் அல்லது அலமாரி நிற்கும் இடமாக இருந்தால், மாற்றும்வரை அதை நகர்த்தி வையுங்கள்.

பலகையை மாற்றும் செலவு உங்களுடையது இல்லை. தோட்டத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டிய கடமையை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் நிர்வாகத்தின்மேல் வைத்திருக்கிறது. படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்துமூலமாக அலுவலகத்தில் கொடுங்கள், நகல் ஒன்றைக் கையொப்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் நீங்களே தரையின் மரச்சட்டங்களில் கை வைக்காதீர்கள்.

உங்களால் செய்யக்கூடியது, வீட்டுக்கு அடியில் மண்ணின் மேல் 0.25 மில்லிமீட்டர் கனமுள்ள பாலித்தீன் தாள் விரிப்பது. மேடு பள்ளத்தைச் சமன் செய்து, கால்வாய்ப் பக்கம் சரிவு இருக்கும்படி போடுங்கள். தாள்கள் ஒரு அடி ஒன்றின் மேல் ஒன்று ஏறட்டும், செங்கல் வைத்து அமுக்குங்கள். மழைக்குப் பிறகு அதன் மேல் தண்ணீர் நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும், அந்த இடத்தில் தாளைக் கிழித்துத் தண்ணீரை இறக்கிவிட்டு, மண்ணை நிரப்பிச் சரி செய்யுங்கள். மேலே குளிருக்கு மிதியடியாகக் கயிற்றுப் பாயோ பருத்தி விரிப்போ போடலாம். ஒட்ட வேண்டாம், வாரம் ஒருமுறை தூக்கி வெயிலில் போடுங்கள்.